பதினாலு நாள் கிருமி

பிளேட் அக்காவுக்கு முப்பது வருஷமாக ஒரே வேலை. மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்து வருவதை வட்டமான பிளேட்டுகளில் தடவி, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைத்து, என்ன கிருமி முளைக்கிறது என்று பார்ப்பது. ஒருநாள் பார்ப்பாள், இரண்டு நாள் பார்ப்பாள். மூன்றாம் நாள் காலையில், ஒன்றும் முளைக்காத பிளேட்டுகளைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவாள். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. டாக்டர்களிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லாருக்கும் அவள் பிளேட் அக்காதான்.

வீட்டில் அந்த மரியாதையும் இல்லை. அங்கே அவள் பாப்பா. ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு முழங்காலிலும் வலியை வைத்துக்கொண்டு ஒருத்தி பாப்பாவாக இருப்பது சுலபமா என்ன? கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டு மாடியறையில் தங்கிவிட்டவள். அண்ணன் வைத்த செல்லப்பெயரை அண்ணியும் எடுத்துக்கொண்டாள், பிறகு தெருவே எடுத்துக்கொண்டது.

ஆராய்ச்சி டாக்டரம்மா வந்த பிறகுதான் பிளேட் அக்காவின் வேலை மாறியது. ஓடுகிற நடை, கையில் எந்நேரமும் ஆறிப்போன டீ. "அக்கா, நீங்க மூணாம் நாள் தூக்கிப் போடறீங்களே, அதுல ஒருத்தன் ரொம்ப மெதுவு. பதினாலு நாள் குடுத்தாதான் நம்பி வெளிய வருவான்" என்றார். காற்றைக் கண்டால் ஆகாத கிருமி அது. நம் எல்லாருடைய முகத்திலும் முதுகிலும், மயிர்க்கால்களின் அடியில் காலங்காலமாகக் குடியிருப்பது. பருவ வயதில் முகப்பருவுக்குத் துணை போகும், மற்றபடி சாது. அந்தச் சாது எப்படியோ உள்ளே புகுந்து, ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் உட்கார்ந்துகொள்கிறதா? உட்கார்ந்து, வருஷக்கணக்கில் சத்தமில்லாத ஓர் அழற்சியை அங்கே மூட்டிக்கொண்டே இருக்கிறதா? அந்த அழற்சியிலிருந்துதான் வீக்கமும், ஒருவேளை புற்றும் தொடங்குகிறதா? டாக்டரம்மாவின் கேள்வி அதுதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிற கணக்கு. "இருக்கலாம்னுதான் சொல்றேன், இருக்குன்னு சொல்லல" என்பதையும் அவர் நாளுக்கு நாலு தடவை சொல்வார்.

அறுவை அறையிலிருந்து ஒரு துணுக்குச் சதை வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். பிளேட் அக்கா அதை அரைத்துத் தடவ வேண்டும். பக்கத்திலேயே, ஒன்றும் தடவாத வெறும் பிளேட் ஒன்றையும் அதே நேரம் திறந்து வைத்து மூட வேண்டும். இரண்டும் காற்று நீக்கிய ஜாடிக்குள் பதினாலு நாள் இருக்கும். வெறும் பிளேட்டில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால், கிருமி நோயாளியிடமிருந்து வந்ததோ வேலை செய்தவளிடமிருந்து விழுந்ததோ யார் கண்டது? அந்த ஜோடி அப்போதே தள்ளுபடி.

பதினேழாம் எண் அண்ணனுடையது. படிவத்தின் நகலை அவர் சட்டைப்பையில் வைத்திருந்ததைச் சலவைக்குப் போடும்போது பார்த்துவிட்டாள். டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அண்ணனின் சதையை வேறொருத்தர் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அண்ணன் நெடுந்தூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது புறப்படும் என்று இன்றைக்கும் அறிவிக்கிறவள். மற்ற வண்டிகளை ஒருமுறை அறிவித்தவள் அண்ணன் வண்டியை மட்டும் மூன்றுமுறை அறிவித்தாளாம். அப்படித்தான் கல்யாணம் நிச்சயமானது என்று பழைய ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அண்ணி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். எட்டு மணி நேரம் ஊருக்குப் பேசிவிட்டு வந்து மிச்சப் பேச்சை வீட்டுக்குப் பேசுவாள். அண்ணன் 'ம்' கொட்டுவார். முப்பத்தோரு வருஷக் குடித்தனம் அப்படியே ஓடியது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு டாக்டரம்மா படிவத்தோடு வந்து கேள்வி கேட்டார். மூத்திரத்தில் எரிச்சல் வந்ததுண்டா? வண்டி ஓட்டும்போது நெடுநேரம் அடக்குவீர்களா? அண்ணன் பட்பட்டென்று பதில் சொன்னார். அதே குரலில் டாக்டரம்மா, "பால்வினை நோய் ஏதாவது எப்பவாவது வந்திருக்கா?" என்றார். எல்லாரிடமும் கேட்பதுதான். அண்ணன் மூன்று விநாடி சும்மா இருந்தார். பிறகு "இல்ல" என்றார்.

பக்கத்து நாற்காலியில் அண்ணி இருந்தாள். டாக்டரம்மா 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அண்ணி அந்த மூன்று விநாடியை மடியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று மாலையிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்து முன்னறைக் கட்டிலில் படுத்தார். அண்ணி வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தாள், மாத்திரையை உரித்துக் கொடுத்தாள், மூத்திர டியூப் மடங்காமல் நேராக்கிவிட்டாள். குறை சொல்ல முடியாது. பேச்சு மட்டும் கிடையாது. பேருந்து நிலையம் இரண்டு தெரு தள்ளி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஒலிபெருக்கி கேட்கும். அண்ணன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் குரலுக்காகக் காத்துக் கிடந்தார். வடக்கே போகும் வண்டி பத்து நிமிஷம் தாமதம். பயணிகள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். அவருக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். வலிமாத்திரை மயக்கத்தில் அவர் ஒரே கனவைத் திரும்பத் திரும்பக் கண்டார்.

"வண்டி நிறைய ஆளு, பாப்பா. எல்லாரும் தூங்கறாங்க. நான் எறங்க வேண்டிய எடம் தாண்டிப் போயிக்கிட்டே இருக்கு. யாரும் அறிவிக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

"மாத்திரை வேலை அது" என்று சொல்லிவிட்டு அவள் மாடியேறினாள். படிக்கட்டில் அண்ணி காத்திருந்தாள்.

"உன் பிளேட்டுல அவரோடது இருக்காமே?"

"யார் சொன்னா?"

"நீதான் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டுத் திரியறியே, அதுவே சொல்லுது. அதுல என்ன வருதோ எங்கிட்ட சொல்லிடு. கெட்ட சகவாசத்துல வர்ற கிருமியா, சும்மா வர்ற கிருமியா. அது போதும் எனக்கு." அண்ணி கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். மகள் இருக்கும் ஊரின் பேருந்து நிலையத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிய மனு. "நீ சொல்ற வரைக்கும் இத குடுக்க மாட்டேன்."

"அண்ணன்கிட்டயே கேக்கலாமே அண்ணி?"

"கேட்டா இல்லன்னுவாரு. அந்த இல்லைய வெச்சு நான் என்ன பண்றது?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணி, இந்தக் கிருமிக்கும் உங்க சந்தேகத்துக்கும் சம்பந்தமே இல்லை, மனுஷன் எங்கே போனான் வந்தான் என்று எழுதிக்காட்ட பிளேட் என்ன நாட்குறிப்பா என்று. ஆனால் முப்பது வருஷத்தில் முதல்முறையாக வீட்டில் ஒருத்தர் அவள் தொழிலை நம்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். தலைக்கு ஏறாதா? "பதினாலாம் நாள் வரைக்கும் பொறுங்க. தெரிஞ்சிடும்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நாட்களாகவே இல்லை. வெளியே சாரல் விட்டு விட்டுப் பெய்தது. இன்குபேட்டர் அறையில் எப்போதும் ஒரே சூடு, ஒரே முனகல். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்ப்பாள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கண்ணை மூடினால் அந்தச் சுரப்பிக்குள் போய்விடுவாள். அது ஒரு வீடாக இருந்தது. சந்து சந்தாக, இளஞ்சிவப்புச் சுவர்களோடு, ஜன்னலே இல்லாமல். சுவரெல்லாம் லேசாகச் சுட்டது, காய்ச்சல் கண்ட நெற்றியைத் தொடுவது மாதிரி. ஒவ்வொரு சந்தின் கடைசியிலும் மெதுவானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்து, கல்யாணம் முடிந்த பிறகும் போகாமல் தங்கிவிட்ட உறவினர்கள் போல இருந்தார்கள். அவர்களுக்கு அவசரமே இல்லை. ஒருத்தர் பேச்சை முடிப்பதற்குள் வெளியே வருஷம் திரும்பிவிடும்.

"நீதானே எங்கள ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டவ?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. அப்ப வழக்கம் அப்படி."

"வழக்கமாம் வழக்கம்" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது.

"நீங்க இங்க எப்படி வந்தீங்க? எங்க அண்ணன் உங்கள எங்கருந்து கூட்டிட்டு வந்தார்? நீங்கதான் இங்க நெருப்பு மூட்டினீங்களா?" என்று அவள் கேட்பாள். கேட்டவுடன் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் முகத்தையே பார்ப்பார்கள், தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல. அதற்குள் யாராவது லிஃப்ட் கதவைப் படாரென்று சாத்துவார்கள், விழிப்பு வந்துவிடும். எழுந்து ஜாடியைத் தொட்டுப் பார்ப்பாள். திறக்கக் கூடாது. திறந்தால் காற்று புகுந்துவிடும்.

இப்படி ஒரு மதியம், முப்பது வருஷமாகத் தூக்கிப்போட்ட பிளேட்டுகளெல்லாம் கூரைக்குக் கீழே வெளிறிய வட்டங்களாக மிதப்பதைப் பார்த்தாள். எத்தனை பேருடைய பதில் அதில் போயிற்றோ, ஒருத்தருடையதும் போகவில்லையோ. அவளுக்குப் பயமாக இல்லை, வெட்கமாக இருந்தது.

பதினாலாம் நாள் காலை ஜாடியைத் திறந்தாள். பதினேழாம் எண் பிளேட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள், வெள்ளையாக, மொத்தம் பதினொன்று. மெதுவானவர்கள் வந்துவிட்டார்கள். மனசுக்குள்ளேயே அண்ணியிடம் பேசினாள். முகத்தில் குடியிருக்கிற கிருமி, அண்ணி! எல்லார் முகத்திலும் இருக்கிறது, உங்கள் முகத்திலும் இருக்கிறது, இதற்காகவா மாற்றல் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். அண்ணி சிரித்துவிடுவாள். சாயங்காலத்துக்குள் வீட்டில் பேச்சு வந்துவிடும்.

பிறகு வெறும் பிளேட்டை எடுத்தாள். அதில் இரண்டு புள்ளிகள் இருந்தன.

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்று சதைத் துணுக்கு வந்த டப்பாவைத் திறந்தபோது, இந்தத் துணுக்குதான் சின்ன வயதில் தன்னைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியவருடைய உடம்பு என்று நினைத்தாள், கண் நிறைந்துவிட்டது. முழங்கைக்கு மேல் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பிளேட்டுகளும் அப்போது திறந்திருந்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வருகிற பெண்கூடச் செய்யாத தப்பு. தெரிந்த முகம் என்று கனவில் அந்த மெதுவானவர்கள் பார்த்ததற்குக் காரணம் கேட்கவும் வேண்டுமா.

சிவப்புப் பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முப்பது வருஷப் பழக்கம்; கை தானாகவே நீண்டு வெறும் பிளேட்டை உள்ளே போட்டுவிட்டது. 'வெறும் பிளேட்டில் வளர்ச்சி இல்லை' என்று எழுத நாலு சொல் போதும். யாருக்கும் தெரியாது. ஒரு குடும்பம் பிழைத்துப் போகும். அவள் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அறை முனகிக்கொண்டே இருந்தது. பொய் சொல்ல அவளுக்குப் பயமில்லை, அண்ணனுக்காக எத்தனையோ சொல்லியிருக்கிறாள். ஆனால் பிளேட்டில் பொய் சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவளிடம் சுத்தமாக இருந்தது. குனிந்து, பையிலிருந்து பிளேட்டைத் திரும்ப எடுத்தாள்.

டாக்டரம்மா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பதினேழும் போச்சா" என்றார். "உள்ளயும் இருந்திருக்கலாம், நம்மகிட்டருந்தும் விழுந்திருக்கலாம். இந்தக் கிருமியோட பெரிய தொல்லையே இதுதான்."

"என்கிட்டருந்து விழுந்ததுதான் டாக்டரம்மா. அது எங்க அண்ணனோடது. அழுதுட்டேன்."

டாக்டரம்மா பிளேட்டுகளை மேஜையில் வைத்தார். பிறகு தன் ஆறிய டீயை அவள் பக்கம் தள்ளினார். "முதல்லயே சொல்லியிருக்கணும் அக்கா. இனிமே உங்க வீட்டு ஆளு யாரும் உங்க மேஜைக்கு வரக் கூடாது." திட்டு அவ்வளவுதான். அதுவே அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணி வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "என்ன வந்துது?" என்றாள். கட்டிலில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது.

"ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணி."

"ஒண்ணும் வரலையா, சொல்ல முடியாதா?"

"வந்துது. வெறும் பிளேட்டுலயும் வந்துடுச்சு. அது அண்ணன் உடம்புல இருந்ததா, என் மூஞ்சியிலருந்து விழுந்ததான்னு கண்டுபிடிக்க வழியில்ல."

"அப்ப என் கேள்விக்கு?"

"உங்க கேள்விக்கு எந்த பிளேட்டுலயும் பதில் மொளைக்காது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். எல்லாம் தெரிஞ்சவ மாதிரி பொறுங்கன்னு சொன்னேன், அது என் தப்பு. இந்தக் கிருமி இருந்தா அவர் யோக்கியர்னும் இல்ல, இல்லேன்னா அயோக்கியர்னும் இல்ல. அதனாலதான் வீக்கமும் புத்தும் வருதான்னு டாக்டரம்மாவுக்கே தெரியாது. யாருக்குமே இன்னும் தெரியாது அண்ணி." சொல்லிவிட்டு அவள் அழுதாள். பதினாலு நாளாக ஒரு வீட்டைக் காத்து வைத்ததாக நினைத்திருந்தது போயிற்று.

அண்ணி கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து தரையில் கிடந்தது. பிறகு அவள் கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். பதினாறு நாளில் முதல்முறையாக அவரிடம் பேசினாள்.

"நீங்க சொல்லுங்க."

அண்ணன் இந்த முறையும் உடனே பேசவில்லை. மூன்று விநாடி ஆனது, முப்பது விநாடி ஆனது. பாப்பாவுக்கு, மறுபடியும் அந்த ஜன்னலில்லாத வீட்டுக்குள் நிற்பது போலிருந்தது.

"ஒரு தடவ" என்றார். "பெரியவ பொறக்கறதுக்கு முந்தின வருஷம். வண்டி பழுதாகி ரெண்டு நாள் வழியில கிடந்தப்ப. நோயெல்லாம் ஒண்ணும் வரல. அதான் அந்தம்மா கேட்டப்ப இல்லன்னேன். அது உண்மைதான். ஆனா நீ பக்கத்துல உக்காந்திருந்தே. வாய் வரல."

பாப்பா சிவப்புப் பையை நினைத்தாள். பையில் போட்ட பிளேட்டை எடுக்காமலே விட்டிருந்தால்? நாலு சொல் எழுதியிருந்தால்? அண்ணி சிரித்திருப்பாள், அவரும் சும்மா இருந்திருப்பார், மூன்று பேரும் அப்படியே தூங்கிக்கொண்டு மிச்ச தூரத்தையும் கடந்திருப்பார்கள்.

"யாரவ?" என்றாள் அண்ணி.

"தெரியாது."

"பேரென்ன?"

"பேரு... கேக்கல. தெரியாது."

அண்ணி அவரையே பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு போனது. அழப்போகிறாள் என்று பாப்பா ஓரடி முன்னால் வைத்தாள்.

"பேருகூடத் தெரியாதவளுக்காகவா என்னைப் பதினாறு நாள் பேசாம வெச்சீங்க?"

அவ்வளவுதான், மடை உடைந்தது. வண்டி பழுதான வருஷத்திலிருந்து தொடங்கி, அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பொய், கொண்டுவராத பொய், கர்ப்பத்தோடு அவள் மைக் முன்னால் தனியாக நின்றது, நேற்று குழம்பில் உப்பில்லை என்று சொல்லக்கூட அவருக்கு வாயில்லாமல் போனது வரை ஒன்றையும் விடாமல் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். மெல்ல நழுவப் பார்த்த பாப்பாவை, "நீ எங்க போற? உக்காரு. இதுக்கெல்லாம் சாட்சி வேணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஊருக்குப் போறேனா இல்லையான்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்றாள் மூச்சு வாங்கியபடி. "போனாலும் போவேன். ஆனா பேசி முடிக்காம போக மாட்டேன். முப்பது வருஷத்துப் பேச்சு இருக்கு. கேக்கறீங்களா?"

"ம்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, கட்டிலில் நகர்ந்து அவள் உட்கார இடம் விட்டார்.